விற்கிறவருக்கு உதவுகிற கருவி எது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இந்தப் பகுதிக்குக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. சேல்ஸ்மேன் கையில் கொடுக்கிற செயலி, வாடிக்கையாளர் விவரத்தையெல்லாம் சேர்த்துவைக்கிற சி.ஆர்.எம்., வாட்ஸ்அப், போன் பேச்சைக் கேட்டு மார்க் போடுகிற புது மென்பொருள், இதெல்லாம் உண்மையிலேயே வியாபாரத்துக்கு உதவுமா, உதவினால் யாருக்கு உதவும் என்று. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் பதினாறு வருடம் குன்னூரிலிருந்து இறங்கி லைன் சேல் (கடை கடையாகப் போய் விற்பது) போனவன், அப்புறம் ஒன்பது வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: குன்னூரில் சொந்தமாக டீத்தூள் பாக்கெட் போட்டு விற்கிறோம். ஏலத்தில் எடுத்து, கலந்து, மேட்டுப்பாளையம், காரமடை, அன்னூர் பக்கம் டீக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் போடுகிறோம். நான்கு சேல்ஸ்மேன்கள் இருக்கிறார்கள். கோவையிலிருந்து ஒருவர் வந்து சி.ஆர்.எம். போடுங்கள் என்றார். இன்னொருவர் ஆர்டர் எடுக்கிற செயலி என்கிறார், ஆளுக்கு மாதம் 800 ரூபாயாம். மூன்றாவது ஒருவர் முதலாளி எல்லாக் கணக்கையும் ஒரே திரையில் பார்ப்பதற்கு டேஷ்போர்டு என்கிறார். மூன்று பேருமே விற்பனை கூடும் என்றுதான் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– குன்னூர் வாசகர்

பதில்: மூன்றும் மூன்று வேறு வேலைகளைச் செய்கிறவை. அதைப் பிரித்துப் பார்க்காமல் "விற்பனை கூடுமா" என்று மட்டும் கேட்டால், விற்க வந்தவர் கூடும் என்றுதான் சொல்வார். நான் கேட்கிற கேள்வி வேறு. இதனால் யாருடைய சிரமம் குறைகிறது, கடைக்காரருக்கா, சேல்ஸ்மேனுக்கா, முதலாளிக்கா? முதல் இரண்டு பேரில் ஒருவருக்காவது குறையவில்லை என்றால் அந்தக் கருவியை ஆறு மாதத்துக்கு மேல் யாரும் தொடமாட்டார்கள்.

முதலில் சி.ஆர்.எம். இதைக் கம்பெனியின் ஞாபகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த ஏஜென்சியில் காரமடை லைன் பார்த்த மூத்த சேல்ஸ்மேன் ஒருவர் ஒரு தீபாவளி முடிந்ததும் வேலையை விட்டுப் போனார். அவர் பையில் எப்போதும் இருக்கிற நீள நோட்டும் அவரோடு போய்விட்டது. எந்த டீக்கடைக்குக் கலர் முக்கியம், எந்தக் கடைக்குத் திக்காக இறங்கவேண்டும், எந்த ஓனர் சாயங்காலம் நாலு மணிக்கு அப்புறம்தான் கல்லாவில் உட்காருவார், யாரிடம் சனிக்கிழமை போனால் மட்டும் பாக்கி வசூலாகும், எல்லாம் அதில்தான் இருந்தது. அந்த லைனை என்னிடம் கொடுத்தார்கள். அவர் இருபது வருடத்தில் சேர்த்ததை நான் திரும்பக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது, அதற்குள் பதினொரு கடை கைவிட்டுப் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பதினொரு கடைக்காரர்களும் சரக்கு பிடிக்காமல் போகவில்லை, தங்களைத் தெரியாத ஓர் ஆள் வந்து நின்றதால் போனார்கள். சி.ஆர்.எம். தருகிற மதிப்பு இதுதான், ஆள் மாறினாலும் கடைக்காரர் தன் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியதில்லை. ஆனால் இந்தப் பலன் வர ஒரு வருடமாவது ஆகும், அதுவும் சேல்ஸ்மேன்கள் மனம்வைத்து எழுதினால்தான்.

இடையில் ஒன்று. "ஆளுக்கு மாதம் இவ்வளவு" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பேரம் பேசும்போது உதவும். 1993ல் தொடங்கிய சீபல் என்ற கம்பெனிதான் பெரிய நிறுவனங்களுக்கு இந்த மாதிரி மென்பொருளை விற்றுப் பெயர் எடுத்தது. அப்போதெல்லாம் சொந்தக் கம்ப்யூட்டர், சொந்த ஆட்கள் என்று மொத்தமாகப் பணம் கொட்டித்தான் போடமுடியும். 1999ல் வந்த சேல்ஸ்ஃபோர்ஸ் அதையே இணையம் வழியாக மாத வாடகைக்கு விட்டது. 2005ல் ஜோஹோவும் தன் சி.ஆர்.எம்.மைக் கொண்டுவந்தது. வாடகை முறை வந்ததால்தான் நான்கு ஆள் வைத்திருக்கிற நீங்களும் இன்று இதை யோசிக்கமுடிகிறது. வாடகை என்பதால் பிடிக்கவில்லை என்றால் காலிசெய்யவும் முடியவேண்டும், ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். போகும்போது உங்கள் கடைப் பட்டியலையும் பழைய பில் விவரத்தையும் எக்செல்லாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று அவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆர்டர் செயலி. உங்கள் நிலைமைக்கு இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். சேல்ஸ்மேன் கடையில் நிற்கும்போதே குடோனில் என்ன ஸ்டாக் இருக்கிறது, அந்தக் கடையின் பாக்கி எவ்வளவு, போன மூன்று வாரம் என்ன எடுத்தார்கள் என்று தெரிகிறது. ஆர்டர் அடித்த உடனே குன்னூருக்கு வந்துவிடுகிறது, சாயங்காலமே பாக்கெட்டை எடுத்துக் கட்டி மறுநாள் காலை வண்டியில் ஏற்றிவிடலாம். கீழே சமவெளியில் இருக்கிற கம்பெனிக்கு இது ஒரு வசதி. மலையிலிருந்து சரக்கு இறக்குகிற நமக்கு இதன் பெறுமதி இன்னும் அதிகம், கால் கிலோ பாக்கெட் கேட்ட கடைக்கு அரைக் கிலோ பாக்கெட்டை இறக்கிவிட்டு வந்தால் திரும்ப வண்டி போக ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரத்தில் அந்தக் கடையில் வேறு ஒருவர் தூள் நுழைந்துவிடும். அதோடு, ராத்திரி ஏழு மணிக்கு வந்து இறங்கி எட்டேகால் வரைக்கும் ஆர்டர்களை நோட்டிலிருந்து பெயர்த்து எழுதிக் கொடுக்கிறார்களே உங்கள் ஆட்கள், அந்த வேலை போய்விடும். ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்குப் போகிற மனிதன் அந்தச் செயலியை வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

காசுக் கணக்கையும் போட்டுவிடுவோம். நான்கு பேருக்கு 800 வீதம் மாதம் 3,200, வருடத்துக்கு 38,400 ரூபாய். உங்களுக்கு நிகரமாக 12 சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்தச் செலவை எடுக்க வருடத்துக்கு 3,20,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்கவேண்டும். நான்கு ஆள், மாதம் 25 நாள் என்று பிரித்தால் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 270 ரூபாய். ஏறக்குறைய ஒரு கிலோ தூள். "ஸ்டாக் இருக்கா தெரியலைங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தட்டிப்போகிற ஆர்டர் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கிறதா? உங்கள் சேல்ஸ்மேன்களிடமே கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். உங்கள் லாப விகிதம் வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டு மறுபடி பெருக்கிப் பாருங்கள்.

டேஷ்போர்டை இப்போதைக்கு விடுங்கள். அது உங்களுக்கு நல்ல சாமான், ஆனால் மற்ற இரண்டிலும் ஒழுங்காகத் தகவல் சேர்ந்தால்தான் அதில் காட்ட ஏதாவது இருக்கும். குன்னூர் ஏலத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன், 1963லிருந்து நடக்கிறது, இன்று எல்லாம் திரையில்தான். கூவி ஏலம் கேட்ட காலத்தை விட இப்போது உங்களுக்கு என்ன லாபம்? எந்த லாட் (ஏலத்துக்கு வைக்கிற சரக்குத் தொகுதி) என்ன விலைக்குப் போனது என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிகிறது, அடுத்த லாட்டுக்கு அதை வைத்துத்தான் விலை கேட்கிறீர்கள். திரை அழகாக இருப்பதால் யாருக்கும் பயன் இல்லை. டேஷ்போர்டு பார்த்து நீங்கள் எடுக்கப்போகிற முடிவு என்ன என்று உங்களால் சொல்லமுடிகிற அன்றைக்கு அதை வாங்குங்கள்.

வாங்கினாலும் நான்கு லைனுக்கும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒரு லைனில் இரண்டு மாதம் ஓட்டுங்கள். மற்ற மூன்று பேரும் யார் பேச்சைக் கேட்பார்களோ அவரிடம் கொடுங்கள், சின்ன வயது ஆள், போன் நன்றாகப் பார்ப்பான் என்பதற்காக அவனிடம் கொடுக்காதீர்கள். டேலியில் பில் போடுகிறீர்கள் என்றால் செயலியில் எடுக்கிற ஆர்டர் நேராக டேலிக்குப் போகவேண்டும். இரண்டு இடத்தில் அடிக்கவேண்டியிருந்தால் ஒரு மாதத்தில் ஏதாவது ஓர் இடத்தில் அடிப்பதை விட்டுவிடுவார்கள்.

கேள்வி: கூடலூரில் ஒரு ஸ்டாக்கிஸ்ட்டிடம் பிஸ்கட் லைனுக்குச் சேல்ஸ்மேனாக இருக்கிறேன் அண்ணே. தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, எருமாடு என் பீட், அதாவது நான் சுற்றுகிற ஊர்கள். கம்பெனி ஒரு செயலி கொடுத்திருக்கிறது. கடை முன்னால் நின்று வருகை போடவேண்டும், ஷெல்ஃபை போட்டோ எடுக்கவேண்டும், பன்னிரண்டு கேள்விக்குப் பதில் அடிக்கவேண்டும், அதற்கப்புறம்தான் ஆர்டர் பக்கமே திறக்கும். பாதி இடத்தில் டவர் இல்லை. போன மாதம் ஆறு நாள் நான் வேலைக்கே வராததாகக் காட்டி பேட்டாவைப் பிடித்துவிட்டார்கள். அந்த ஆறு நாளும் மழையில் நனைந்துகொண்டு ஆர்டர் எடுத்தேன். தொழில்நுட்பம் என்றாலே வெறுப்பாக இருக்கிறது.
– கூடலூர் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஜூன், ஜூலையில் தேவாலாவில் எப்படி மழை பெய்யும் என்று எனக்குத் தெரியும், அந்த மழையில் ஆர்டர் எடுத்த ஆளை வேலைக்கு வரவில்லை என்று ஒரு போன் சொன்னது, அதை ஒரு மேனேஜர் நம்பினார் என்பது எனக்குத் தாங்கவில்லை. பிடித்த பேட்டாவை நீங்கள் திரும்பக் கேட்கவேண்டும். அந்த ஆறு நாளும் நீங்கள் எடுத்த ஆர்டருக்குப் பில் போட்டிருப்பார்கள் அல்லவா, கடைக்காரர் கையெழுத்தோடு டெலிவரி நகல் ஸ்டாக்கிஸ்ட்டிடம் இருக்கும். ஆறு நாள் பில்லையும் தேதிவாரியாகப் போட்டோ எடுத்து, ஒரே பக்கத்தில் எழுதி, ஸ்டாக்கிஸ்ட் வழியாகக் கம்பெனி மேனேஜருக்கு அனுப்புங்கள். வாய்ச்சண்டை வேண்டாம், பில் பேசட்டும்.

இப்போது செயலி விஷயம். உங்கள் மேனேஜருக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருக்கலாம். ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் தேவையில்லை, போன் நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருகிற சமிக்ஞையை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. டவர் இல்லாவிட்டால் முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும், பெரிய மரங்களுக்குக் கீழேயும் பள்ளத்திலும் தடுமாறும், அவ்வளவுதான். டவர் தேவைப்படுவது பிடித்த இடத்தைக் கம்பெனிக்கு அனுப்புவதற்கு. ஆகவே ஒழுங்காகச் செய்த செயலி என்றால் இடம், நேரம், ஆர்டர் எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொண்டு, நீங்கள் பந்தலூர் பஜாருக்கு வந்து டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். இந்த வசதி உங்கள் செயலியில் இருக்கிறதா, இருந்தும் ஆன் செய்யாமல் விட்டிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் இருக்கும், யாரும் ஆன் செய்திருக்கமாட்டார்கள். எந்தெந்தக் கடையில் டவர் இல்லை என்று ஒரு பட்டியலும் சேர்த்துக் கொடுங்கள், உங்கள் பீட்டை உங்களைவிட நன்றாக யாரும் எழுதமுடியாது.

இதைப் படிக்கிற மேனேஜர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். செரி ஸ்பியர், விஸ்வநாத் வெங்கடேஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு நிறுவனங்களில் 454 விற்பனையாளர்களுக்கு இப்படிக் கருவி கொடுத்ததைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்த கையோடு கேட்டபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஒதுக்கிவிட்டார்கள், வேலைக்கு வராத நாளும் கூடியிருந்தது, தானாக வேலையை விட்டுப் போனவர்களும் கூடியிருந்தார்கள். விற்பனைக்கு என்று கொடுத்த கருவி விற்கிற ஆளையே வெளியே அனுப்பியது. கண்காணிப்புக்கு மட்டும் ஒரு செயலி போட்டால் அதற்கு ஆகும் செலவு மாத வாடகையோடு நிற்பதில்லை, எருமாட்டில் தமிழும் மலையாளமும் பேசி வியாபாரம் பார்க்கிற ஒரு பையனை இழந்தால் அப்படி இன்னொருவர் கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு கேள்வியை மூன்றாகக் குறையுங்கள். ஷெல்ஃப் போட்டோ மாதத்துக்கு ஒரு தடவை போதும். ஆர்டர் பக்கம் முதலில் திறக்கட்டும், கடைக்காரர் நின்றுகொண்டிருக்கும்போது கேள்விகளுக்கு விடை அடித்துக்கொண்டிருப்பது அவருக்கு மரியாதை இல்லை.

தம்பி, வெறுப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அதே செயலியில் உங்களுக்கு வேண்டியதும் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்கவேண்டும். அன்றைக்கு ஓடுகிற ஸ்கீம் என்ன, இந்தக் கடை போன மாதம் எதை எடுத்து இந்த மாதம் எடுக்காமல் விட்டிருக்கிறது, எனக்கு இன்றுவரை எவ்வளவு இன்சென்டிவ் சேர்ந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். நான் லைனில் இருந்தபோது என் இன்சென்டிவ் எவ்வளவு என்று மாதம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் தெரியும், இருபத்தெட்டாம் தேதி இன்னும் இரண்டு கேஸ் போட்டால் அடுத்த ஸ்லாப் என்று தெரிந்திருந்தால் மழையோடு மழையாக இன்னொரு கடை ஏறியிருப்பேன்.

கேள்வி: மூன்று பேர்தான் விற்கிறோம், எக்செல் போதாதா?
– கோத்தகிரி வாசகர்

பதில்: போதும். ஒரே ஃபைலை மூன்று பேரும் போனில் திருத்துகிற மாதிரி கூகுள் ஷீட்டாக வைத்துக்கொள்ளுங்கள். யார் வைத்திருப்பது கடைசி ஃபைல் என்று சண்டை வருகிற அன்றைக்கு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் பூம்பாறையிலிருந்து மலைப்பூண்டு வாங்கித் தமிழ்நாடு முழுக்கப் பார்சலில் அனுப்புகிறேன். என்னிடம் 1,100 பேர் நம்பர் இருக்கிறது, பாதி நேரடி வாடிக்கையாளர்கள், மீதி குரூப்களில் எடுத்தது. புதுப் பூண்டு வந்ததும் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டேன். கணக்கை மூன்று நாள் முடக்கிவிட்டார்கள். காசு கொடுத்தால் மொத்தமாக மெசேஜ் அனுப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– கொடைக்கானல் வாசகர்

பதில்: செய்யாதீர்கள். மூன்று நாளோடு விட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை நம்பரே போய்விட்டால் உங்கள் வியாபாரமே அந்த நம்பரில்தான் இருக்கிறது. குரூப்பில் எடுத்த நம்பர்களை இன்றைக்கே அழித்துவிடுங்கள். அவர்கள் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்காதவருக்கு அனுப்பினால் ஸ்பேம் என்று புகார் தட்டுவார்கள், அந்தப் புகார்களை வைத்துத்தான் கணக்கு முடங்குகிறது.

மீதி இருக்கிற ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே தாராளம், அது இலவசம். இந்தியாவில் 2018லிருந்து இருக்கிறது. அதில் லேபிள் போடலாம். விதைக்கு வாங்குகிறவர், சமையலுக்கு வாங்குகிறவர், மருந்துக்கடைக்காரர் என்று பிரித்துவைத்தால் ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டியதை மட்டும் சொல்லலாம். கேட்டலாக்கில் பூண்டின் படம், எடை, விலை போட்டுவிட்டால் "என்ன விலை" என்று வருகிற மெசேஜுக்கு ஒவ்வொன்றாக அடிக்கவேண்டியதில்லை. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்துவைத்தவருக்கு மட்டும்தான் அது போய்ச்சேரும். இதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள், "இந்த நம்பரைப் பதிந்துகொண்டால் அடுத்த வரத்து வந்ததும் சொல்கிறோம்" என்று. பதிந்தவர்தான் அடுத்த வருடமும் வாங்கப்போகிறவர்.

ஆயிரக்கணக்கில் போகவேண்டிய நிலைமை வந்தால் அதிகாரபூர்வமான வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பின் பெரிய வணிகங்களுக்கான இணைப்பு. அதில் நீங்களாக அனுப்புகிற செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே ஒப்புதல் வாங்கவேண்டும், அனுப்புகிற செய்திக்குக் காசு உண்டு, வாடிக்கையாளர் சம்மதம் கொடுத்திருக்கவேண்டும். அவராக எழுதினால் 24 மணி நேரம்வரை நீங்கள் இயல்பாகப் பதில் எழுதலாம். எஸ்.எம்.எஸ். அனுப்புவதானாலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி பெயரையும் வாசகத்தையும் பதிவுசெய்யவேண்டும். குறுக்குவழி எதுவும் இல்லை.

இன்னொன்று, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடுகபட்டிச் சந்தையில் கொட்டிக் கிடக்கிற எல்லாப் பூண்டுக்கும் நடுவில் உங்கள் பூண்டை வேறுபடுத்திக் காட்டுகிற விஷயம் அது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டு அதைக் கேட்டலாக்கில் போடுங்கள், ஆயிரம் மெசேஜ் செய்யாத வேலையை அது செய்யும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: ஊட்டியில் ஒரு ரிசார்ட்டில் அறை முன்பதிவுப் பிரிவைப் பார்க்கிறேன். என்னிடம் ஐந்து பெண்கள் போனில் பேசுகிறார்கள். எங்கள் நிர்வாகம் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை வாங்கப்போகிறது. எல்லா அழைப்பையும் கேட்டு, எழுத்தாக்கி, யார் எப்படிப் பேசினார்கள் என்று மார்க் போடுமாம். என் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?
– ஊட்டி வாசகி

பதில்: அம்மா, நீங்கள் அவர்களை என் பிள்ளைகள் என்று எழுதியதே எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நினைக்கிற ஒருவர் கையில் இந்தக் கருவி இருந்தால் நல்லதே நடக்கும்.

மார்க்கைத் தள்ளிவைத்துவிட்டு அதன் மற்ற பயனைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு நீங்கள் எப்படிக் கற்றுக்கொடுக்கிறீர்கள்? பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்வீர்கள், ஏப்ரல், மே வந்துவிட்டால் அதற்கும் நேரம் இருக்காது. இந்த மென்பொருள் இருந்தால், குழந்தைகளோடு வருகிற குடும்பம் விலை அதிகம் என்று சொல்லும்போது உங்கள் மூத்த பெண் எப்படிப் பேசி முடித்தாள் என்ற அந்த நான்கு நிமிடத்தை மட்டும் எடுத்துப் புதியவளிடம் கொடுக்கலாம். திறமை ஒருவரிடமிருந்து ஐவருக்கும் போகிறது. அதேபோல், கைநழுவிப் போன அழைப்புகளில் என்ன கேட்டார்கள் என்று மொத்தமாகத் தேடலாம். 2024 மே 7லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததே, அதைப் பற்றி எத்தனை பேர் கேட்கிறார்கள், பதில் தெரியாமல் எத்தனை பேர் வைத்துவிடுகிறார்கள் என்று பார்த்தால், முன்பதிவு உறுதியானதும் இ-பாஸ் எடுக்கிற முறையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

ஆனால் நிர்வாகத்திடம் சில விஷயங்களைக் கண்டிப்பாகப் பேசுங்கள். மார்க்கைச் சம்பளத்தோடு கட்டாதீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் பெண்கள் ஒரே வாக்கியத்தில் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவார்கள், பெங்களூர் ஆட்களிடம் கன்னடம் வரும், இந்தக் கலப்பைப் பிடிப்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் நிறைய வித்தியாசம் உண்டு. வாங்குவதற்கு முன்னால் உங்கள் அழைப்புகளில் பத்தைக் கொடுத்து எழுத்தாக்கிக் காட்டச் சொல்லி நீங்களே வரி வரியாகப் படியுங்கள். தப்பாகக் கேட்டுத் தப்பாக மார்க் போட்டால் பாதிக்கப்படுவது அந்தப் பெண். பேச்சு பதிவாகிறது என்று அழைப்பவருக்கும் சொல்லவேண்டும், தனிப்பட்ட தகவல் பாதுகாப்புக்கு 2023லேயே சட்டம் வந்துவிட்டது.

அதோடு, அந்தப் பணத்தில் வேறு ஒன்றை முதலில் வாங்கலாமா என்றும் கேளுங்கள். உங்களுக்கு போனிலும், வாட்ஸ்அப்பிலும், முன்பதிவுத் தளங்களிலும், மெயிலிலும் விசாரிப்பு வரும். நான்கையும் ஒரே இடத்தில் காட்டி, யாரும் பதில் சொல்லாதது எது என்று தனியாக எடுத்துக் காட்டுகிற கருவி இருக்கிறது, விலையும் குறைவு. 2011ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஓர் ஆய்வில் 42 அமெரிக்க நிறுவனங்களுக்கு வந்த விசாரிப்புகளைப் பார்த்திருக்கிறார்கள். இணையத்தில் வந்த விசாரிப்புக்கு ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டவர்களுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு வாய்ப்பு இருந்தது, முடிவெடுக்கிற ஆளோடு உருப்படியாகப் பேச. அது வேறு நாடு, வேறு தொழில் என்றாலும் நம் ஊரில் சீசனில் நடப்பதும் இதேதான். சென்னையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் நான்கு ரிசார்ட்டுக்கு மெசேஜ் போடுகிற குடும்பம், முதலில் பதில் சொன்னவரிடம்தான் அட்வான்ஸ் கட்டுகிறது. பிள்ளைகள் எப்படிப் பேசினார்கள் என்று அளப்பதற்கு முன்னால், பேசவே முடியாமல் விட்டுப்போனவை எத்தனை என்று பார்த்துவிடுவோம்.

கேள்வி: மஞ்சூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கம்பெனிகள் என் போனிலேயே ஆர்டர் போடச் சொல்கின்றன. வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்து வருடமாக வாராவாரம் செவ்வாய்க்கிழமை வருகிற சேல்ஸ்மேனின் பிழைப்பில் கைவைக்கிறோமோ என்று மனசு கேட்கவில்லை.
– மஞ்சூர் வாசகர்

பதில்: கடைக்காரர் கைக்கே செயலி கொடுப்பது இப்போது எல்லாப் பெரிய கம்பெனியும் செய்கிறது, ஹிந்துஸ்தான் யுனிலீவரின் ஷிகர் மாதிரி. அதன் பயன் நேராக உங்களுக்கு. ராத்திரி கடை சாத்தும்போது சோப்பு தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால் செவ்வாய் வரைக்கும் காத்திருக்காமல் அப்போதே போட்டுவிடலாம். மஞ்சூர் மாதிரி இடத்துக்கு அது பெரிய விஷயம், போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் எலி கடித்த பாக்கெட்டையும் தேதி முடிந்த சரக்கையும் செயலி திரும்ப எடுத்துப் போகாது. கல்யாணச் செலவு இருக்கிற மாதம் பாக்கியைப் பத்து நாள் தள்ளிக் கொடுக்க அது ஒப்புக்கொள்ளாது. கைகாட்டி ஊரில் ஒரு கடையில் ஒரு புது மசாலா நன்றாகப் போகிறது, நீங்களும் வைத்துப் பாருங்கள் என்று சொல்வதும் அந்தச் சேல்ஸ்மேன்தான். அதனால் தினமும் ஓடுகிற சாமானைச் செயலியில் போடுங்கள், புதுச் சாமானையும் ரிட்டர்னையும் கணக்கையும் அவர் வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். முன்பு உங்கள் கடையில் ஆர்டர் எழுதவே அவருக்கு அரை மணி போயிருக்கும், அந்த அரை மணியில் இனி அவர் இன்னொரு கடை கூடப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளவேண்டும். செயலியில் நீங்கள் போடுகிற ஆர்டர் அவருடைய டார்கெட்டில் சேருகிறதா? சில கம்பெனிகளில் அவர் பீட்டில் வந்த ஆர்டர் என்று அவர் கணக்கில் ஏறும், சில இடங்களில் ஏறாது. வருகிற செவ்வாய்க்கிழமை டீ வாங்கிக் கொடுத்து அவரிடமே கேளுங்கள். சேரவில்லை என்றால் ஸ்டாக்கிஸ்ட்டிடம் நீங்களே சொல்லுங்கள், கடைக்காரர் சொன்னால் கேட்பார்கள். அதுவரைக்கும் பாதி ஆர்டரை அவர் கையிலேயே எழுதிக் கொடுங்கள்.